பயணம் இல்லாத நாளில் பத்திரம் பாருங்கள்

(கொழும்புத்துறைச் சனசமூக நிலையம் ஒன்றின் வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எங்கள் ஊரில் ஒரு சாவீட்டுக்குப் போனால் முதலில் காதில் விழும் கேள்வி, "பிள்ளையள் எப்ப வருகினம்?" என்பதுதான். மூத்தவர் ஸ்காபரோவில், மகள் ஈஸ்ட்ஹாமில், கடைக்குட்டி பரிசில் என்று சிதறிப்போன குடும்பங்கள் நாங்கள். பிரேதத்தை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை இப்போது ஐயரும் பஞ்சாங்கமும் மட்டும் தீர்மானிப்பதில்லை. மகளின் கடவுச்சீட்டில் அச்சடித்திருக்கும் ஒரு திகதியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கலியாணத்துக்கு நாள் குறிக்கிறோம். பிள்ளைப்பேற்றுக்கு டொக்டர் திகதி சொல்கிறார். சாவுக்கு அப்படி யாரும் சொல்லிவைப்பதில்லை. ஆகவே அடுத்த மாதம் பயணம் போகிறவருக்கு மட்டும் நான் இன்று கதைக்க வரவில்லை. பயண எண்ணமே இல்லாமல் இருப்பவருக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளோடு என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். கடைசி நேரத்தில் கண்ணீரோடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோரிடம் பத்திரம் இல்லாமல் இல்லை. பத்திரம் இருந்தது, ஆனால் அதை ஒருவரும் வாசித்துப் பார்த்திருக்கவில்லை.

காகிதம் இல்லாமலே பயணம் போன காலமும் இருந்தது. இதே கொழும்புத்துறையில் இருந்த யோகர் சுவாமிகள் 1940இல் காசிக்கு யாத்திரை போனார். அப்போது இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் விசா என்ற பேச்சே இல்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடிப்பார்கள். போட் மெயில் என்று பெயர் பெற்ற, 1914இல் தொடங்கிய அந்த ரயில்-கப்பல் சேவை 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த வழியாகவே ஓடியது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்ததுதான் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம். 1949 நவம்பர் 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. அக்கரைக்குப் போவதை வெளிநாட்டுப் பயணம் ஆக்கிய சட்டம் அதுதான்.

பிறகு வந்த காலத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1990களின் முற்பகுதியில் குடாநாட்டை விட்டு வெளியேறப் புலிகளின் பாஸ் வேண்டும். கிளாலியில் வள்ளம் ஏறி உயிரோடு அக்கரை சேர்ந்து வவுனியாவுக்குப் போனால், அங்கே தங்குவதற்கு இன்னொரு பாஸ். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. அதன்பின் திருகோணமலைக்குக் கப்பல் ஏறவும் பலாலியில் விமானம் ஏறவும் படையினரின் அனுமதி வேண்டியிருந்தது. பத்திரம் இல்லாதவன் பட்ட பாட்டை எங்கள் அளவுக்கு அறிந்த சனம் உலகத்தில் குறைவு.

அப்படியிருந்தும் ஏன் கடைசி நேரத்தில் ஓடுகிறோம்? நான் நினைப்பது இதுதான்: அந்த ஓட்டத்தை எங்களுக்குப் பழக்கியதே போர். நாளைக்குப் பாதை திறக்குமா என்று தெரியாத காலத்தில் ஆறு மாதம் முன்னதாக ஒன்றைத் திட்டமிடுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பாதை திறந்ததும் ஓடு, ஆள் பிடி, அனுமதி எடு, ஏறு. அந்தக் காலத்தில் அது புத்திசாலித்தனம். இன்றைக்கு அதே பழக்கம்தான் எங்களை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது. எங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. காரணம் தெரிந்தால் பழக்கத்தை விடுவது சுலபம்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன்.

கடவுச்சீட்டில் முடிவுத் திகதி என்று ஒன்று போட்டிருக்கும். அந்தத் திகதி வரை அதைக் கொண்டு பயணம் போகலாம் என்று நினைத்திருக்கிறோம். உண்மையில் பல நாடுகளுக்குப் போகமுடியாது. இந்தியாவின் மின்விசாவுக்குக் கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். இலங்கைக்கு வரும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கும் அதே ஆறு மாதக் கணக்குத்தான். லண்டனில் பிறந்த பேரப்பிள்ளை நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதானாலும் இது பொருந்தும். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ் சேர்ந்த செங்கன் நாடுகளுக்குக் குறுகிய விசாவில் போவதென்றால், அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் மிச்சம் இருக்கவேண்டும். கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்கவேண்டும். ஆக, பத்து வருடத்துக்குத் தந்த புத்தகத்தின் கடைசி ஆறு மாதத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

கனடா விசாவில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பல தடவை போய்வரும் வருகை விசாவைப் பத்து வருடம் வரை தருவார்கள். ஆனால் கடவுச்சீட்டு முடியும் திகதிக்கு மேல் தரமாட்டார்கள். இரண்டு வருடம் மிச்சமுள்ள கடவுச்சீட்டோடு விண்ணப்பித்த அம்மாவுக்கு இரண்டு வருடம்கூட நிரம்பாத விசாதான் வரும். அதே அம்மா முதலில் கடவுச்சீட்டைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பித்திருந்தால், மறுபடி மறுபடி வங்கிக் கடிதம், மகனின் சம்பளத் துண்டு என்று அலைந்திருக்கத் தேவையில்லை. எதற்கு முன் எதைச் செய்வது என்ற ஒழுங்கு பிசகினால் காசும் போகிறது, காலமும் போகிறது.

பிள்ளைகளின் கடவுச்சீட்டைத் தனியாகப் பாருங்கள். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எங்கள் நாட்டில் மூன்று வருடத்துக்கே தருகிறார்கள். தாய் தகப்பனுடையது பத்து வருடம் என்பதால், பிள்ளையுடையதும் அப்படித்தான் என்ற எண்ணத்தில் வீட்டில் இருந்துவிடுகிறோம்.

இவையெல்லாம் திகதிகள். திகதியைத் திருத்துவது பெரிய வேலை அல்ல, புதுப் புத்தகம் எடுத்தால் சரி. எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்தின் உண்மையான சிக்கல் பெயரில் இருக்கிறது. இதில்தான் நான் கொஞ்சம் நின்று கதைக்கவேண்டும்.

கடவுச்சீட்டின் படம் உள்ள பக்கத்தை வடிவாகப் பாருங்கள். அடியில் இரண்டு வரிகள் இருக்கும். இடையிடையே அம்புமுனை போன்ற குறிகள் வரும். எயாப்போட்டில் உள்ள இயந்திரம் வாசிப்பது அந்த இரண்டு வரிகளைத்தான். ஒரு வரியில் 44 இடங்கள். முதல் வரியில் பெயருக்கு ஒதுக்கியவை 39 மட்டும். பாலசுப்பிரமணியம் என்ற தகப்பனுக்கும் தாட்சாயினிதேவி என்ற பிள்ளைக்கும் 39 இடம் போதுமா? இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதினால் மட்டுமட்டாகத்தான் இருக்கும். மூன்றாவது பெயர் ஒன்று சேர்ந்தால் வால் வெட்டுப்படும். அதில் தவறொன்றும் இல்லை, அது சர்வதேச ஒழுங்கு. ஆனால் ரிக்கற் போடும் தம்பி எந்தப் பெயரைப் பார்த்துப் போடுகிறார் என்று நீங்கள் கேட்கவேண்டும். வைபரில் அனுப்பிய மங்கலான படத்தைப் பார்த்து, மனக்கணக்கில் ஓரெழுத்தைக் கூட்டியோ குறைத்தோ போட்டுவிடுவார். ரிக்கற் கைக்கு வந்த அன்றைக்கே கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக, விரலை ஓட்டிப் பாருங்கள். வீட்டில் ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்த்தால் இன்னும் நல்லது.

சரி, கடவுச்சீட்டில் உள்ள பெயர் எங்கிருந்து வந்தது? பிறப்புப் பத்திரத்திலிருந்து. எங்கள் பிறப்புப் பத்திரம் தமிழில் இருக்கிறது. பிள்ளையின் பெயர் ஒரு கட்டத்தில், தகப்பனின் பெயர் வேறொரு கட்டத்தில். கடவுச்சீட்டு கேட்பதோ குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று. எங்களுக்குப் பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரைத்தான் முன்னால் வைக்கிறோம். படிவத்தை நிரப்பிய ஒருவர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கினார். இன்னொருவர் சொந்தப் பெயரையே அந்தக் கட்டத்தில் எழுதினார். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும் காகிதத்தில் உறவில்லாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். பிறகு அண்ணன் கனடாவிலிருந்து அழைப்புக் கடிதம் அனுப்பினால், இவர் உங்கள் சகோதரர் என்பதற்கு ஆதாரம் என்ன என்று விசா அலுவலர் கேட்கிறார். அவர் கேட்பது நியாயம்தான்.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். தர்சினி என்று ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். ஓ.எல். பரீட்சை விண்ணப்பத்தில் ஆசிரியர் ரி-எச் என்று தொடங்கினார். அடையாள அட்டையில் டி-எச் ஆகிவிட்டது. விவாகப் பதிவில் எஸ்சுக்குப் பின்னால் ஒரு எச் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் வாசித்தால் எல்லாம் ஒரே தர்சினி. ஆங்கிலத்தில் பார்த்தால் மூன்று பெண்கள். இவற்றை ஒரு மேசையில் ஒன்றாக வைத்துப் பார்க்கும் நாள் பெரும்பாலும் விசா மறுத்த கடிதம் வந்த நாளாக இருக்கிறது. அதற்கு முன்பே வைத்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, விவாகப் பத்திரம், பரீட்சைச் சான்றிதழ், கடவுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு பின்னேரம் மேசையில் பரப்புங்கள். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் ஆகியவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிசகுகின்றன என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

பிழை கண்டால் பயப்படவேண்டாம். பிறப்புப் பதிவில் உள்ள எழுத்துப் பிழையைத் திருத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிரகடனம் கொடுத்துச் செய்வது. ஆனால் அதற்குக் காலம் வேண்டும். பழைய ஆதாரங்கள் கேட்பார்கள், மூலப் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். ரிக்கற்றைப் போட்டுவிட்டு வந்து, "ஐயா, வெள்ளிக்கிழமை பிளைற்" என்று சொன்னால் பதிவாளர் என்ன செய்வார்? அவர் மனிதர்தான், மனம் இரங்குவார். பதிவேட்டை அவசரப்படுத்த அவராலும் முடியாது.

பதிவே கிடைக்காதவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். 1995 இடப்பெயர்வில் ஒரு முறை, வன்னியில் 2009இல் இன்னொரு முறை என்று வீட்டோடு பத்திரங்களையும் இழந்தவர்கள். தாய்மார் சிலர் நகையை விட்டுவிட்டுப் பத்திரப் பையை மட்டும் மார்போடு கட்டிக்கொண்டு போனார்கள். அப்படிக் காப்பாற்றிய ஒரு பிறப்புப் பத்திரத்தை என் மேசைக்கு ஒருவர் கொண்டு வந்தார். நாலாக மடித்து மடித்து, மடிப்பு கிழிந்து, பிறந்த வருடத்தின் கடைசி இலக்கம் அந்தக் கிழிசலோடு போயிருந்தது. எழுபத்தொன்றா, எழுபத்தேழா? அவருக்கே நிச்சயம் இல்லை. மூலப் பதிவேடு இருந்தபடியால் தப்பினார். பழைய பத்திரம் வீட்டில் இருக்கிறது என்று ஆறுதல் அடையாமல் அதற்குப் புதிய அத்தாட்சிப் பிரதி ஒன்று எடுத்து வையுங்கள். பதிவேட்டில் தேடியும் இல்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழி உண்டு. ஆனால் அதற்கு விதானையார் முதல் பிரதேச செயலகம் வரை பல படி ஏறவேண்டும். இன்னொன்று, பத்திரத்தைப் பாதுகாக்கிறோம் என்று தயவுசெய்து லெமினேற் செய்யாதீர்கள். பிறகு அதன்மேல் ஒரு முத்திரையும் குத்தமுடியாது.

பலாலியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2019 ஒக்டோபர் 17இல் அங்கே யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்தபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ விமானக் கம்பனியும் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது, 2025 மார்ச்சில் திருச்சிக்கும் பறந்தது. இதனால் ஒரு புதிய யோசனை பரவியிருக்கிறது: கட்டுநாயக்காவுக்கு ஏன் இரவிரவாகப் போவான், பலாலியில் ஏறிச் சென்னையில் மாறி லண்டன் போகலாமே என்று. போகலாம். ஆனால் இரண்டு தனித்தனி ரிக்கற்றாக எடுத்தால், சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க இந்தியாவுக்குள் நுழையவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். லண்டன் விசா கையில் இருந்தும் பலாலியிலேயே திருப்பி அனுப்பப்படுவதற்கு இது ஒன்றே போதும். மின்விசா எடுத்தாலும், எந்த விமான நிலையம், எந்தத் துறைமுகம் வழியாக உள்ளே போகலாம் என்று பட்டியல் இருக்கிறது. காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகபட்டினம் போக நினைப்பவர்கள் அந்தப் பட்டியலை முதலில் பார்க்கவேண்டும். ஐரோப்பிய விமான நிலையத்தில் விமானம் மாறினாலும் இதே கதைதான். செங்கன் நாடுகளின் விமான நிலையத்தைக் கடந்து போவதற்கே எந்த நாட்டவருக்கு விசா வேண்டும் என்ற பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் செல்லுபடியான விசா இருந்தால் விலக்கு உண்டு. ரிக்கற் மலிவு என்று பார்க்கும்போது, அது எந்த ஊரால் போகிறது என்பதையும் பாருங்கள்.

விமானக் கம்பனியின் கவுண்டரில் நிற்கும் பிள்ளையோடு சண்டை பிடித்துப் பிரயோசனம் இல்லை. சரியான பத்திரம் இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால் பிரித்தானியா விமானக் கம்பனிக்கு ஆளுக்கு 2000 பவுண் தண்டம் போடுகிறது. மற்ற நாடுகளிலும் இப்படித்தான். அதனால் விசா அலுவலரை விடக் கவுண்டர்ப் பிள்ளை கடுமையாக இருக்கிறாள். அது அவளுடைய வேலை.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இன்று இரவே தொலைபேசியில் சொல்லவேண்டிய சில உண்டு. கனடாப் பிரசாவுரிமை எடுத்தவர், வேறு நாட்டுக் குடியுரிமையும் வைத்திருந்தால், கனடாவுக்கு விமானம் ஏறக் கனடாக் கடவுச்சீட்டு வேண்டும். இந்த ஒழுங்கு 2016 நவம்பர் 10 முதல் உறுதியாக நடைமுறையில் இருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டோடு இங்கே வந்துவிட்டு, கனடாப் புத்தகம் காலாவதியானதைக் கட்டுநாயக்காவில் கண்டுபிடித்தால் திரும்பும் பயணம் குழம்பிவிடும். பிரித்தானியாவில் வதிவிட உரிமையோடு இருப்பவர்களின் அட்டைகள் பெரும்பாலும் 2024 டிசம்பர் 31ஓடு முடிந்து, எல்லாம் மின்விசா ஆகிவிட்டது. அந்த மின்விசா கடவுச்சீட்டு இலக்கத்தோடு பிணைந்தது. புதிய கடவுச்சீட்டு எடுத்தவர் அந்தக் கணக்கில் புதிய இலக்கத்தைப் பதியவேண்டும். மறந்தால் கவுண்டரில் கணினி, இவருக்கு அனுமதி இல்லை என்று காட்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிரசாவுரிமை வேண்டுமென்றால், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதியவேண்டும். பிந்தினாலும் வழி உண்டு, ஆனால் அது அமைச்சின் அனுமதியோடு போகும் நீண்ட வழி.

அரசாங்கம் விதியை மாற்றுவதும் நடக்கிறது. 2014 ஒக்டோபரில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வடக்குக்கு வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று திடீரென அறிவித்தார்கள். தாயைப் பார்க்க வந்தவர்கள் வழியில் நிறுத்தப்பட்டார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியபின் அது நீங்கியது. போன வருடம் போய்வந்த அனுபவத்தை நம்பி இந்த வருடம் புறப்படக்கூடாது.

என் மனதை மிகவும் வருத்திய சம்பவம் ஒன்று 2025 மே மாதக் கடைசியில் நடந்தது. போர்க்காலத்தில் வள்ளத்தில் தமிழ்நாட்டுக்குத் தப்பிப்போய் அங்கே அகதியாக வாழ்ந்த ஒரு முதியவர், ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகத்தின் ஏற்பாட்டோடு ஊர் திரும்பினார். அன்று செல்லுபடியான பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்று பலாலியில் வைத்துக் கைது செய்தார்கள். குண்டுக்குத் தப்பி ஓடியவரிடம் கடவுச்சீட்டு எங்கே என்று கேட்பது என்ன நியாயம்? கண்டனம் எழுந்த பிறகு, சட்டத்தைத் திருத்துவதாக அரசாங்கம் சொன்னது. 1949இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இன்னும் அந்த முதியவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது வெட்கக்கேடு. தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட எங்கள் சனம் இருக்கிறது. அவர்களில் உங்கள் உறவினர் ஊர் திரும்ப எண்ணினால், விமானம் ஏறுவதற்கு முன் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பத்திர அலுவல் முழுவதையும் முடிக்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு சட்டத்தரணியோடும் கதைத்து வையுங்கள்.

இவ்வளவு பாரத்தைச் சொன்னேன், ஆறுதலும் இருக்கிறது. முன்பு ஒரு கடவுச்சீட்டுக்கு இரவு பஸ் ஏறிப் பத்தரமுல்லைக்கோ, வவுனியாவுக்கோ போகவேண்டும். 2024இல் வெற்றுப் புத்தகத் தட்டுப்பாடு வந்தபோது பத்தரமுல்லையில் சனம் இரவிரவாக வரிசையில் படுத்துக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இப்போது எங்கள் கச்சேரியிலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அதைத் திறந்து வைத்தார். பத்திரங்களை வெளிநாட்டுத் தேவைக்கு உறுதிப்படுத்தும் கொன்சியூலர் அலுவலகம் 2018 முதல் அதே கச்சேரியில் இயங்குகிறது. இங்கிருந்து சைக்கிளில் போகும் தூரம். இனி, நேரம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு நியாயம் இல்லை.

ஏஜென்சிக்காரரைப் பற்றி ஒரு சொல். நேர்மையாகப் படிவம் நிரப்பித் தருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் மூலக் கடவுச்சீட்டை மாதக்கணக்கில் தன் லாச்சியில் பூட்டி வைத்திருப்பவரை நம்பாதீர்கள். பத்திரமே தேவையில்லை, கடலால் கொண்டுபோய் விடுகிறேன் என்பவர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். 2022 நவம்பரில் அப்படிக் கனடாவுக்கென்று புறப்பட்ட 303 பேர், மூழ்கத் தொடங்கிய கப்பலிலிருந்து மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். அவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள்.

வருடத்தில் ஒரு நாளை இதற்கென்று வையுங்கள். சைவ வீடுகளில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கும்போது பத்திரப் பையையும் எடுத்துத் திறவுங்கள். கிறிஸ்தவ வீடுகளில் நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் ஒரு பின்னேரம் பாருங்கள். வயது போனவர்களின் பத்திரத்தைப் பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

அடுத்து வரும் சனிக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நான் இந்த நிலையத்தில் இருப்பேன். பத்திரங்களின் போட்டோப் பிரதியைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். மூலத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். காசு எதுவும் வேண்டாம்.